தென்னையைத் தவிர்த்து எழுதிய சத்தியக்கடதாசி

நான் கண்ணால் கண்டதையும், கையில் பிடித்துப் படித்த காகிதங்களில் இருந்ததையும், இருவர் தனித்தனியே சொல்லி ஒத்துப்போனதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஒருவர் மட்டும் சொன்னதாயின், சொன்னவர் இன்னாரென்று குறிப்பேன். பெயர்களைத் தரமாட்டேன், அவற்றைத் தருவதற்கு எனக்கு எவரும் அனுமதி தரவில்லை. இத்தனை கட்டுப்பாட்டுக்கும் காரணம் ஒழுக்கம் என்று நீங்கள் எண்ணிவிடக்கூடாது. உறுதிப்படுத்தாத ஒன்றை மிக அழகாக எழுதி, ஒரு மனிதரின் முறையீட்டை ஏறத்தாழக் குழிதோண்டிப் புதைத்தவன் நான். சூடுகண்டதனால் வந்த கட்டுப்பாடு இது.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் சட்டத்தரணியின் அலுவலகத்தில் தலைமை இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றேன். இப்போது வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியிலிருந்து கடலையும், கடலை மறைத்து எழும் அடுத்த தொடர்மாடியையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தொழிலின் பெரும்பகுதி சத்தியக்கடதாசி எழுதுவது. ஒருவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லி, அது உண்மையென்று சத்தியம் செய்து ஒப்பமிடும் வாக்குமூலந்தான் அது. சொல்வது அவர், எழுதுவது நாம். இத்தொழிலின் ஆபத்து முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இளையவர்களே, அந்த இடைவெளியில் நான் முப்பது ஆண்டுகளுக்குமேல் நந்தவனம் வளர்த்தேன். என் சத்தியக்கடதாசிகளில் மீன் வியாபாரியும் பேராசிரியரைப்போலப் பேசுவார். தமிழில் மட்டுமா? சிங்களத்திலும் அப்படித்தான். அதை என் குறையென்று அக்காலத்தில் எவராவது சொல்லியிருந்தால், அவருக்கு இலக்கண அறிவு போதாதென்று முடிவு கட்டியிருப்பேன்.

ஒருநாள் மாளிகாவத்தை மாடிவீடுகளிலிருந்து ஒருவர் வந்தார். வயது அறுபதுக்கு மேல். வலக்காலைச் சற்று இழுத்து நடந்தார். முன்னாள் படைவீரர். கொழும்பு முஸ்லிம், அலுவலகத்தில் எல்லோரும் அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்றே அழைத்தோம். ஒரு பிளாஸ்ரிக் உறையிலிருந்து தமது சேவைப் பதிவின் பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தார். தொண்ணூறுகளில் வடக்கில் ஒரு முகாமில் இருந்தபோது அவருக்கு ஏற்பட்ட காயத்தைப் பற்றி அதில் ஒரே வரி இருந்தது: மரத்திலிருந்து விழுந்தமை, சொந்தக் கவனயீனம்.

போரில் காயமடைந்தவர்களுக்கென்று ஒரு பதக்கம் உண்டு. அந்த வரி இருக்கும்வரை அவருக்கு அது கிடைக்காது.

"சல்லிக்கு வரல்ல ஐயா," என்றார். "அந்த வரிய மாத்தித் தாங்க. அது போதும்."

"இத்தனை வருசத்துக்குப் பிறகு ஏன் நானா?"

நாட்டில் பதற்றம் மிகுந்திருந்த ஒரு காலத்தில் அவருடைய மாடியில் படையினர் வீடுவீடாகச் சோதனையிட்டிருக்கிறார்கள். அவருடைய வீட்டுக்குள் வந்த இளம் சிப்பாய், சுவரில் சீருடையுடன் இருந்த படத்தைப் பார்த்திருக்கிறான்.

"'இது ஆரு?' எண்டான். 'நான்தான் மகன்' எண்டேன். 'கால் என்ன?' எண்டான். 'யுத்தத்துல பட்டது' எண்டேன். 'அப்ப மெடல் எங்க?' எண்டு கேட்டான் ஐயா. மரியாதையாத்தான் கேட்டான். என்ட பொஞ்சாதி பக்கத்துல நிண்டா."

இதைப் பின்னர் அவருடைய மனைவியும் தனியாக என்னிடம் சொன்னார். இரு கூற்றுகளும் பொருந்தின. அச்சிப்பாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நன்றி சொல்லிச் சென்றான் என்பது மட்டுமே மனைவி கூடுதலாகச் சொன்னது.

"மரம் என்று எழுதியிருக்கிறதே நானா?" என்று நான் கேட்டேன்.

"மரமொண்டும் இல்ல. நான் பங்கருக்குள்ள ஈந்தேன். செல் வந்து விழுந்திச்சு. எவனோ பிழையா எழுதிட்டான்."

அவர் இதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. மேசைமேலிருந்த என் பேனாவைப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு எழுதத் தொடங்கினேன். இத்தொழிலில் என் முதற்பிழை எதுவென்று கேட்டால் இதையே சொல்வேன். பார்வையைக் கவனித்தும் பேனாவைக் கீழே வைக்காதது.

இரண்டாவது பிழை, எங்கள் தொழில் வழக்கத்தில் ஊறியது. ஒருவரின் சத்தியக்கடதாசியை எழுதிவிட்டால், சாட்சிகளுடையதைப் புதிதாக எழுதமாட்டோம். அதையே பிரதிசெய்து, பெயரை மாற்றி, 'நான்' என்றிருந்த இடத்தில் 'அவர்' என்று போடுவோம். சாட்சி வருவார், ஒப்பமிடுவார், தேநீர் குடிப்பார், போவார். நானாவுக்குச் சாட்சிகள் இருவர், இருவரும் அதே முகாமில் இருந்த சிங்களவர்கள். ஒருவர் களுபோவிலயில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். மற்றவர் முகாமின் சமையற்காரர். குருணாகலிலிருந்து பஸ்ஸில் வந்தார். இருவரிடமும் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சிங்களத்தில் எழுதியதை உரக்க வாசித்தேன். இருவரும் தலையாட்டினார்கள். 'வாசித்து விளக்கப்பட்டது, விளங்கி ஏற்றுக்கொண்டார்' என்ற வழமையான வாசகம் அடியில் இருந்தது. ஒப்பமிட்டார்கள்.

எங்கள் சட்டத்தரணியை நாங்கள் மிஸ் என்போம். அவர் மூன்றையும் ஒருமுறை புரட்டினார்.

"ஐயா, ஒரே ஆள் மூண்டு தொப்பி போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கு."

"நடையில் ஒருமை, மிஸ்."

"ம்," என்றார். அவருக்கு அன்று வேறு நான்கு வழக்குகள் இருந்தன.

முறையீட்டைக் கேட்ட விசாரணைக் குழுவில் மூவர் இருந்தார்கள். நடுவிலிருந்த அதிகாரிக்கு நான் எழுதியவை பிடித்திருந்தன. ஒரு பத்தியை இரண்டு தடவை வாசித்தார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. பின்னர் முச்சக்கரவண்டிக்காரரை அழைத்து, அப்பத்தியைக் காட்டி, "இதன் பொருளைச் சொல்லுங்கள்," என்றார்.

பேச்சு முழுவதும் சிங்களத்தில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன். சுவை குறைந்தால் பொறுப்பு என்னுடையது.

அவர் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். "இது கஷ்டமான சிங்களம், சேர்."

"உங்களுக்கு வாசித்துக் காட்டவில்லையா?"

"காட்டினார், சேர். நல்லாயிருந்திச்சு. விகாரையில பிக்குமார் ஓதிற பிரித் கேட்ட மாதிரி."

"விளங்கியதா?"

"பிரித் ஓதினா ஆர் சேர் விளக்கம் கேக்கிறது?"

குழுவிலிருந்த இளையவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். நடுவிலிருந்தவர் சிரிக்கவில்லை. "சரி. எறிகணை விழுந்தபோது இவர் பதுங்குகுழிக்குள் இருந்ததைக் கண்டீர்களா?"

முச்சக்கரவண்டிக்காரர் நானாவைப் பார்த்தார். நானா நிலத்தைப் பார்த்தார்.

"நான் மரத்துக்குக் கீழ நிண்டனான், சேர்," என்றார் முச்சக்கரவண்டிக்காரர்.

"எந்த மரம்?"

என் மூன்று காகிதங்களிலும் மரம் என்ற சொல்லே இல்லை.

அதிகாரி மூன்றையும் அடுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விளிம்புகளைத் தட்டிச் சரிசெய்தார். "மூன்று பேர், ஒரு வாய்," என்றார். "இவை மூன்றும் பொய்யென்று பதிந்து முறையீட்டை நிராகரிக்கிறோம்."

அப்படிப் பதிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. மறுமுறை விண்ணப்பிக்க வழியில்லை. பொய்ச்சத்தியம் செய்தார்கள் என்ற வரியும் மூவரின் கோப்பிலும் ஏறும். மரம் என்ற ஒரு வரியை அழிக்க வந்தவருக்கு நான் இன்னொரு வரியைச் சேர்த்துக் கொடுத்திருப்பேன். மிஸ் எழுந்து சட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அதிகாரி எழுதுவதற்குப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

இலிகிதருக்கு அங்கே பேச உரிமையில்லை. கோப்பைச் சுமந்து சென்றவன் நான். எழுந்தேன்.

"நீங்கள் யார்?" என்றார் அதிகாரி.

"ஒன்றை எழுதி, மற்ற இரண்டுக்கும் பெயரை மாற்றிப் போட்டவன், சேர். சாட்சிகள் இருவரிடமும் நான் எதையுமே கேட்கவில்லை. இவை அவர்களுடைய பொய்யல்ல, என்னுடைய சோம்பல். மீளப்பெற அனுமதித்தால் ஒழுங்காக எழுதிக்கொண்டு வருகிறோம்."

மிஸ் என்னைப் பார்த்த பார்வையை வருணிக்க மாட்டேன். அதிகாரி கழற்றிய மூடியைச் சிறிது நேரம் விரல்களால் உருட்டினார். பின்னர் பேனாவிலேயே மாட்டினார்.

"ஆறு வாரம் தருகிறேன். அடுத்த முறை மூன்று பேரும் மூன்று பேராக வரட்டும்."

வீதியைக் கடந்து ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். மிஸ் தமக்கு இரண்டு ரோல்ஸ் எடுத்துக்கொண்டு, எனக்கு எதுவும் வேண்டுமா என்று கேட்காமலே சாப்பிடத் தொடங்கினார். அதுவே எனக்குக் கிடைத்த தண்டனை.

"நீ மரத்திலதானே இருந்தாய், மச்சான்," என்றார் முச்சக்கரவண்டிக்காரர். "நீ இளநி பறிச்சுப் போட்டாய், நான் கீழ நிண்டு பிடிச்சன்."

"வாய மூடு."

"ஒண்டு என்ட தலையில விழுந்தது. இங்க பார், தழும்பு. எனக்கும் ஒரு மெடல் வேணும்."

"எனக்கு ரெண்டு பேரும் ஒரு இளநிகூடத் தரேல்ல," என்றார் சமையற்காரர். அந்த வருத்தம் அவருக்கு அன்றுவரை ஆறியிருக்கவில்லை.

நானா தேநீரைத் தொடவில்லை. பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்: "பொஞ்சாதிக்கும் பங்கர் எண்டுதான் செல்லியீக்கிறன். இளநி களவெடுக்க மரத்துல ஏறினவனுக்கு ஆரு ஐயா மெடல் குடுப்பான்?"

மிஸ் ரோல்ஸை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நானா, மரத்தால ஏன் விழுந்தீங்க? கை வழுக்கியோ?"

"செல் வெடிச்சிச்சு. இடுப்புல நெருப்பு வெச்ச மாதிரி ஈந்திச்சு. பொறகுதான் விழுந்தேன்."

"இப்பவும் இடுப்பு நோகுதோ?"

"மழ நாள்ல கொதிக்கும்."

"நாளைக்கே போய் ஒரு எக்ஸ்ரே எடுங்கோ."

களுபோவில ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை மிஸ் யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடுப்பெலும்பை ஒட்டி மூன்று வெள்ளைப் புள்ளிகள், ஒன்று அரிசியளவு. "தென்னையில இரும்பு காய்க்காது, ஐயா," என்றார் என்னிடம். அன்றுதான் அவர் என்னோடு மறுபடி கதைத்தார்.

பின்னர் நான் மூவரிடமும் தனித்தனியே போனேன். முச்சக்கரவண்டிக்காரரை அவருடைய வண்டியின் பின்னாசனத்திலிருந்து விசாரித்தேன். நடுவில் இரண்டு தடவை சவாரி வந்து இறக்கிவிடப்பட்டேன். சமையற்காரரைத் தேடிக் குருணாகலுக்குப் பஸ் ஏறினேன். நானாவை மாளிகாவத்தையில் அவருடைய வீட்டிலேயே கேட்டேன். மனைவி கதவருகே கதிரையைப் போட்டு அமர்ந்துகொண்டார். எழுந்துபோகும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. நானா தென்னையில் ஏறிய கதையைச் சொல்லி முடிக்கும்வரை மனைவியின் பக்கம் திரும்பவேயில்லை.

"மரத்துல ஏறினது எனக்குத் தெரியும்," என்றார் அவர்.

"எப்புடி?"

"தூக்கத்துல 'பிடி மச்சான், பிடி' எண்டு கத்துவீங்க. பங்கருக்குள்ள என்னத்தப் பிடிக்கிற?"

நானா என்னைப் பார்த்தார். நான் என் காகிதத்தைப் பார்த்தேன். அவர் சொன்னதை எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க," என்றார். "எனக்கும் ஒரு சத்தியக்கடதாசி போடுங்க."

இவ்வாறு நான்கு ஆயின. என் வாழ்நாளில் எழுதியவற்றுள் அவலட்சணமானவை அந்த நான்குந்தான். 'ஞாபகமில்லை' என்ற சொல் ஒரே பக்கத்தில் ஐந்து இடங்களில் வந்தது. சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள், திருப்பியே எழுதினேன். இளநீர் நான்கு என்றார் முச்சக்கரவண்டிக்காரர். ஆறு என்றார் நானா. நேரம் காலை என்றார் சமையற்காரர். மற்ற இருவரும் மத்தியானம் என்றார்கள். கை துறுதுறுத்தது. ஒரு கோடு கிழித்தால் எல்லாம் ஒத்துப்போகும். கிழிக்கவில்லை. ஒரே ஒரு விடயத்தில் மூவரும் கேட்காமலே ஒத்துப்போனார்கள்: முதலில் வெடிச்சத்தம், அதன் பின்னரே விழுகை. அதையும் மூவரும் வெவ்வேறு விதமாகவே சொன்னார்கள். சமையற்காரர் வெடிச்சத்தத்தில் தம் கையிலிருந்த அகப்பையைப் பருப்புக்குள் போட்டுவிட்டதாகவும், அதை எடுத்து நிமிர்ந்தபோதே நானா விழுந்ததாகவும் சொன்னார். அகப்பையையும் எழுதினேன்.

இரண்டாவது விசாரணையில் அதே அதிகாரி. எக்ஸ்ரேயைப் பார்த்தார். நான்கையும் வாசித்தார். இந்த முறை எந்தப் பத்தியையும் இரண்டு தடவை வாசிக்கவில்லை.

"நான்கா, ஆறா?" என்று நானாவிடம் கேட்டார்.

"ஆறு, சேர். ரெண்ட அவன் ஒளிச்சு வச்சிருப்பான்."

"சேர், இவன் முப்பது வருசமா இதைத்தான் சொல்றான்," என்றார் சாட்சிகளின் வாங்கிலிருந்து எழுந்த முச்சக்கரவண்டிக்காரர்.

அதிகாரி அவரை அமரச் சொல்லிவிட்டு, நானாவிடம் சற்றுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இளநீர் பறிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு எதுவும் இருந்ததா?"

அது திறந்துவைத்த கதவு. உத்தரவு இருந்ததென்று சொன்னால் கவனயீனம் என்ற சொல் தானாகவே விழுந்துவிடும். உத்தரவிட்டிருக்கக்கூடிய மேலதிகாரி உயிரோடு இல்லையென்று முச்சக்கரவண்டிக்காரர் முன்னரே சொல்லியிருந்தார், மறுப்பதற்கு எவருமில்லை. முச்சக்கரவண்டிக்காரர் வாங்கிலிருந்து தலையை மேலும் கீழுமாகப் பலமாக ஆட்டினார். மிஸ் அசையவில்லை. நானும் அசையவில்லை, ஒருமுறை எழுந்தவன் மறுமுறை எழக்கூடாது.

"இல்ல, சேர்," என்றார் நானா. "ஒருத்தரும் சொல்லேல்ல. தாகமா இருந்திச்சு."

அதிகாரி அதைத் தாமே எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதங்களுக்குப் பின்னர் கடிதம் வந்தது. அதை நான் கையில் பிடித்து வாசித்தேன், ஆகவே எழுதலாம். பதிவிலிருந்த வரி நீக்கப்பட்டு, 'எறிகணைச் சிதறல்களால் காயமடைந்து, அதன் விளைவாக மரத்திலிருந்து விழுந்தமை' என்று திருத்தப்பட்டிருந்தது. மரம் போகவில்லை. கவனயீனம் போய்விட்டது. பதக்கம் வழங்கிய நிகழ்வுக்கு நான் செல்லவில்லை. ஆகவே அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவுமில்லை. மாளிகாவத்தைக்குப் போனபோது, சீருடைப் படத்துக்குக் கீழே பதக்கம் தொங்குவதைக் கண்டேன். வாசலிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது அதுதான்.

இத்துடன் முடித்திருந்தால் உங்களுக்கு வசதியாக இருக்கும். ஆனால் அதன் பின்னர் ஒருநாள் நானா வெள்ளவத்தைக்கு என்னைத் தேடி வந்தார். மின்தூக்கி வேலை செய்யவில்லை. அந்தக் காலோடு நான்கு மாடி ஏறி வந்திருந்தார். மூச்சு அடங்கும்வரை இருந்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க அந்தப் பக்கத்து ஆள்தானே, ஐயா?"

அவர் காயப்பட்ட ஊர் என் தாயாரின் ஊருக்கு அடுத்தது. அதை அவரிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. "எப்படித் தெரியும்?" என்றேன்.

"பேச்சுல வெளங்காதா? ஒரு விசயம். அந்தத் தென்ன ஒரு வளவுக்குள்ள நிண்டிச்சு. ஊட்டுல ஆக்கள் இல்ல, எல்லாம் வெளிக்கிட்டுப் போயிட்டாங்க. பச்ச நிறக் கேட். கிணத்துக்குப் பக்கத்துல ரெண்டு தென்ன. விசாரணையில எல்லாம் கேட்டாங்க. அந்த வளவு ஆருடைய எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. நீங்களும் கேக்கல்ல."

உண்மைதான். நான்கு சத்தியக்கடதாசிகளிலும், அகப்பைகூட இருந்த அந்தக் காகிதங்களிலும், அந்த வளவுக்கு உரிமையாளர் ஒருவர் இருந்திருப்பார் என்ற எண்ணமே இல்லை. அந்தப் பக்கத்து ஆளாகிய எனக்குத்தான் அது முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

"கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறீங்கள், நானா?"

"களவெடுத்தன் எண்டு செல்லணும். வேற என்ன? ஏசினா ஏசட்டும்."

உறவினர்மூலம் விசாரித்தேன். பச்சைக் கதவும் கிணறும் இரண்டு தென்னையும் தங்களுடையவை என்று யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் உறுதியாகச் சொன்னது. கனடாவிலிருந்து இன்னொரு குடும்பமும் அதைவிட உறுதியாகச் சொன்னது. இரண்டு வளவுகளுக்கும் இடையே மூன்று மைல் தூரம். இரு குடும்பத்தினரும் நல்லவர்கள். இரண்டு கதையையும் சற்றே செதுக்கினால் ஒன்று பொருந்திவிடும்; செதுக்குவது எப்படியென்று என்னைவிட நன்றாக அறிந்தவர் சிலரே. நான் நானாவிடம் இரண்டையும் அப்படியே சொன்னேன். அவர் இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் வாங்கிக்கொண்டார். இரண்டு வீட்டாரிடமும் பேசினார் என்று அவருடைய மனைவி சொன்னார். என்ன பேசினார் என்பது மனைவிக்கும் தெரியாது.

முதற்பதிவில் கவனயீனம் என்று எழுதியவர் யாரென்று தெரியாது. இளநீர் நான்கா ஆறா என்பது தெரியாது. அந்தத் தென்னை யாருடைய வளவில் நின்றது என்பது இன்றுவரை தெரியவில்லை.